ஆபா எசுமான் எழுதிய பன்னிரண்டு

ஆபா எசுமானைப் பற்றி எங்கள் துறைமுக ஊரான இன்சுவானோவில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அவர் கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவர். மற்ற கட்சிக்கு அவர் ஒரு கிறுக்கு. நான் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அவரைப் பொய் எழுதவைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் நடுநிலை பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் துறைமுகம் பெரியதல்ல. கடலுக்குள் நீளும் ஒரே ஒரு ஜெட்டி, அதன் மேல் சிவப்பு பாக்சைட் மண்ணைக் கப்பலுக்குள் கொட்டும் இயந்திரம், இரண்டு இழுவைப் படகுகள், அவ்வளவுதான். நான் கயிறு கட்டும் கூட்டத்தில் இருந்தேன். கப்பலிலிருந்து இறக்கும் கயிற்றை வாங்கி வந்து ஜெட்டியின் கொக்கியில் மாட்டுவது எங்கள் வேலை. ஆபா அக்காவின் வேலை விளிம்பில் நின்று, கப்பல் என்ன வேகத்தில் வந்து ஜெட்டியைத் தொடுகிறது என்று எழுதுவது.

கப்பல் பக்கவாட்டில்தான் வந்து ஒட்டும். கடைசி ஐந்து மீட்டரை அது எத்தனை நொடியில் கடக்கிறது என்று அக்கா பார்ப்பார். கையில் தூரம் காட்டும் கருவி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். ஐம்பது நொடி ஆனால் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர். இருபத்தைந்து நொடி ஆனால் இருபது. நாங்கள் வெறுமனே பத்து என்போம், இருபது என்போம். எங்கள் ஜெட்டிக்குப் பதினைந்து வரை அனுமதி. நடந்து போகிற குழந்தைகூட அதைவிட வேகமாகப் போகும். ஆனால் வருவது முப்பதாயிரம் டன். ஜெட்டியின் முகத்தில் வரிசையாகப் பொருத்தியிருக்கும் ரப்பர் தாங்கிகள்தான் அந்த இடியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தலையில் அகலமான ஓலைத் தொப்பி, அது பறக்காமல் மேலே ஒரு துணிக்கட்டு, காலில் ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ். அப்படித்தான் அக்கா நிற்பார். நாங்கள் முதல் கயிற்றை மாட்டி முடிக்கும் முன்பே மனக்கணக்கில் வகுத்து எழுதியிருப்பார். கணவர் சுரங்க ஊரான டார்க்வாவில் லாரி ஓட்டினார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். கணவன் என்பவன் அந்த அளவுக்கு வந்தால் போதும் என்று அக்கா சொல்வார். மீன்காரிகள் அவரைக் கண்டால் தராசைத் துடைத்து வைப்பார்கள். மற்றபடி வம்புக்குப் போகாத மனுஷி.

வேலைக்கு வந்த இரண்டாவது மாதம் ஒரு நாள் பத்தொன்பது என்று எழுதினார். பத்தொன்பதுதான் வந்தது, எழுதினார், அவ்வளவுதான். கப்பலைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் பைலட் கேப்டன் அமீசா. வெளிநாட்டுக் கப்பல்காரர்களுக்கு எங்கள் கடல் தெரியாது. எங்கள் பைலட் ஏறிப்போய்த்தான் கரை சேர்ப்பார். அன்று எதுவும் உடையவில்லை, கீறல்கூட இல்லை. ஆனாலும் காகிதம் அலுவலகத்துக்குப் போனது, அமீசாவுக்கு மூன்று மாதம் வேலை இல்லை என்று பதில் காகிதம் வந்தது.

அமீசாவைப் பிடிக்காதவர் ஊரில் இல்லை. மெதடிஸ்ட் கோயில் பாட்டுக்குழுவில் தடித்த குரல் அவருடையது. அந்த மூன்று மாதமும் அக்காவோடு யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. எங்கள் கூட்டம் அவருக்குக் குடிதண்ணீர்க் குடத்தைக்கூட நகர்த்திவைக்கவில்லை. பைலட் கேப்டன்களின் நியாயமும் எங்களுக்குப் புரிந்திருந்தது. எங்கள் கரையில் தென்மேற்கு அலை அடிக்கும். ரொம்ப மெதுவாக வந்தால் அலை கப்பலைப் பிடித்துக்கொண்டு அதன் இஷ்டத்துக்கு ஆட்டும். கொஞ்சம் வேகமாக வந்து சட்டென்று ஒட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எல்லாரும் நம்பினோம்.

கடைசியில் சமாதானம் பேசப் போனவன் நான்தான். எனக்கு அப்போது முப்பது வயது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

"அக்கா, கப்பல் உடையல, ஜெட்டி உடையல. ஒரு மனுசன்தான் உடைஞ்சான். இனிமே பன்னெண்டுன்னு எழுதிட்டுப் போங்களேன்" என்றேன்.

"ஏன் பன்னெண்டு?"

"பதினஞ்சுக்குள்ள இருக்குல்ல. எட்டுன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க."

அக்கா அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு எழுதினார். பைலட் கையெழுத்துப் போட்டார். அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் தன் சோளமாவு உருண்டையான கென்கேயில் பாதியைப் பிட்டு, மீனோடு அவர் கையில் வைத்தான். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம்.

இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது. ஏதாவது இடித்து உடைந்தால் உண்மையான எண், உடையாவிட்டால் பன்னிரண்டு. சந்தேகம் வரக்கூடாதென்று நடுநடுவே பதினொன்று, பதின்மூன்று. அக்கா அளப்பதை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஸ்டாப்வாட்சை அழுத்துவார், பார்ப்பார், உதட்டை ஒரு மாதிரி சுழிப்பார், பிறகு பன்னிரண்டு எழுதுவார். பத்தொன்பது புத்தகங்கள் நிரம்பின. ரப்பர் தாங்கிகள் மட்டும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிழிந்தன. வெயில், உப்பு என்று காரணம் எழுதிப் புதிதாக மாட்டினார்கள்.

அக்கா ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, பழைய ஜெட்டிக்கு மேற்கே புதிது கட்டப்போவதாக அறிவித்தார்கள். எண்பதாயிரம் டன் கப்பல்களுக்கானது. கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் பெரிய தூண்கள், அவற்றை இணைக்கும் ஒடுக்கமான நடைபாலம். கயிறு மாட்டுகிற எட்டுப் பேரும் அந்தத் தூண்களின் மேல்தான் நிற்க வேண்டும். அந்த எட்டில் நானும் ஒருவன்.

கணக்குப் போடத் தலைநகர் அக்ராவிலிருந்து செலோர்ம் என்ற பெண் இன்ஜினியர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வந்த அன்றே அந்தப் பத்தொன்பது புத்தகங்களையும் கேட்டு வாங்கி, ஒரு வாரம் படித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையாலேயே தேநீர் ஊற்றிக்கொடுத்தார். நானும் கொட்டகைச் சாவியைக் கொடுக்கப் போனவன் அங்கேயே நின்றேன்.

"பெரிய பெரிய துறைமுகத்துலகூட இப்படி ஒரு பதிவு கெடையாது ஆபா அம்மா. ஒரு கப்பல் விடாம எழுதியிருக்கீங்க" என்றார்.

அக்கா தேநீரைக் குடிக்கவில்லை. இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். செலோர்ம் சந்தோஷமாக விளக்கினார். புதிய ஜெட்டியில் கப்பல் எந்த வேகத்தில் வந்து தொடும் என்று முதலில் ஊகிக்க வேண்டும். அதற்கு ஏற்பத்தான் ரப்பரின் பருமனும் தூணின் பலமும். மற்ற ஊர்களில் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இங்கே இருபத்திரண்டு வருஷக் கைக்கணக்கு இருக்கிறது. இந்த ஊர் பைலட்கள் பூப்போல வைக்கிறார்கள். ஆகவே சின்ன ரப்பரே போதும். பழைய ரப்பர் ஏன் அடிக்கடி கிழிகிறது என்பதுதான் புரியவில்லை, மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

"பன்னெண்டுக்குப் பதிலா இருபத்தி நாலுல வந்தா? ரெண்டு மடங்கு ரப்பர் வேணுமா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லம்மா. வேகம் ரெண்டு மடங்கானா இடி நாலு மடங்கு. கப்பலும் இப்ப ரெண்டரை மடங்குக்கு மேல பெருசு. தூணு சாஞ்சிரும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன்.

மறுநாள் கயிற்றுக் கொட்டகைக்கு வந்து, தான் சொல்லப்போவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் மூடி வைத்ததை ஓய்வு பெறுகிற நேரத்தில் ஏன் திறக்க வேண்டும் என்று கேட்டேன். பொய்க் கணக்கு எழுதினாள் என்று துரத்திவிடுவார்கள் என்றேன். பைலட்கள் ஐந்து பேரையும் தூக்கி உள்ளே வைப்பார்கள் என்றேன். அதுவரை என் வாயிலிருந்து வந்த நியாயமெல்லாம் எனக்கே நல்ல நியாயமாகத்தான் பட்டது.

"அந்தத் தூண் மேல யாரு நிக்கப் போறது எபோ?"

"நாங்கதான்."

"அப்ப நீ பேசாம இரு."

அன்று மத்தியானமே அக்கா செலோர்மிடம் போய்ச் சொல்லிவிட்டார். செலோர்ம் முதலில் நம்பவில்லை. இத்தனை எண்களையும் ஒருவர் கற்பனையாக எழுத முடியாது என்றாராம். அக்கா அவரைச் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் கரையில் செவ்வாய்க்கிழமை யாரும் வலை போடுவதில்லை. அன்று கடலுக்கு ஓய்வு. கப்பல் வரும் வழியில் ஒரு தோணி இருக்காது. மற்ற நாள் தோணிகளுக்குப் பயந்து ஊர்ந்து வருகிற பைலட், செவ்வாயன்று பசித்து வீட்டுக்குப் போகிறவன்போல வருவார். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். செலோர்ம் தேதிகளைப் பிரித்து எடுத்தார். செவ்வாயும் பன்னிரண்டு. வெள்ளியும் பன்னிரண்டு. பலத்த மழை நாளும் பன்னிரண்டு.

அவர் கடைசிப் புத்தகத்தை மூடித் தள்ளிவைத்ததாக அக்கா பிறகு சொன்னார். உண்மையான எண்கள் எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். இல்லை. அளந்தது எல்லாம் அந்தந்த நிமிஷத்தோடு போயிற்று. ஸ்டாப்வாட்சுக்கு ஞாபகம் கிடையாது. அக்காவுக்கும், இருபதுக்கு மேல் நிறையப் போயிருக்கிறது என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அந்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு ஒரு தூணைக் கட்ட முடியாது.

அறிக்கை கொடுக்க மூன்று மாதம் இருந்தது. அதற்குள் வருகிற கப்பல்களை உள்ளபடி அளந்து எழுதுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இனி எண் உள்ளபடி இருக்கும், ஆனால் யார்மேலும் நடவடிக்கை வராது என்று செலோர்மே பைலட்கள் அறைக்குப் போய்ச் சொன்னார். நடவடிக்கை வராது என்று அலுவலகம் சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அக்ராக்காரருக்குத் தெரியாது.

அடுத்த ஆறு வாரத்தில் பதின்மூன்று கப்பல்கள் வந்தன. அப்படி ஒரு நளினத்தை நான் பார்த்ததே இல்லை. எட்டு. ஏழு. ஒன்பது. ஒரு கப்பல் கடைசி ஐம்பது மீட்டருக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. இழுவைப் படகுக்காரர்கள் இன்ஜினை உறுமவிட்டபடியே வானொலியில் கேப்டன்களின் தாயாரை விசாரித்தார்கள். அலை ஒரு பக்கம் தள்ள, படகு மறுபக்கம் தள்ள, கப்பல் அந்தரத்தில் நின்றது. மேலேயிருந்து அமீசா ஒலிபெருக்கியில், மகாராணி எழுதிக்கொண்டாளா என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து பார்க்காமல் ஏழு என்று எழுதினார்.

ஆறாவது வார முடிவில் செலோர்ம் கூட்டிப் பார்த்தார். சராசரி எட்டு. பொய் எழுதிய காலத்தைவிடக் குறைவு. ஒவ்வொன்றும் மெய்யாக அளந்தது, கையெழுத்து வாங்கியது. மேலதிகாரிகளுக்கு அந்தத் தாள் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எட்டை வைத்துக் கட்டினால் ரப்பர் இன்னும் சின்னது. வாக்குமூலம் வாக்குமூலமாக இருக்கட்டும், எண் எண்ணாக இருக்கட்டும் என்று அவர்கள் செலோர்மை நெருக்க ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில்தான் அக்காவின் மூளையை நான் மெச்சுகிறேன். வேறு யாராக இருந்தாலும் நான் உண்மையைத்தானே எழுதினேன் என்று கை கழுவியிருப்பார்கள். அக்கா தன் சாமான்களை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு செலோர்மின் அறைக்குப் போனார்.

"நம்பர் எல்லாம் நெசம்தாம்மா. ஆனா அது கப்பலோட வேகம் இல்ல. நான் நிக்கிறேன்னு தெரிஞ்சு வர்ற வேகம். நான் ஆகஸ்ட்ல போயிருவேன். தூணு அம்பது வருசம் நிக்கணும்."

"என்னம்மா செய்யச் சொல்றீங்க?"

"நான் வீட்டுக்குப் போறேன். லீவு நெறைய இருக்கு. நீங்க மேல ஏறி உக்காருங்க."

மேலே என்றால் மண் கொட்டும் இயந்திரத்தின் ஓட்டுநர் கூண்டு. அதன் கண்ணாடி முழுக்கச் செம்மண் படிந்திருக்கும். உள்ளே ஆள் இருந்தாலும் தெரியாது. அங்கிருந்து விளிம்பு நன்றாகத் தெரியும். விஷயம் செலோர்முக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு ஏன் சொன்னார் என்றால், கூண்டுக்கு ஏறும் படியின் சாவி என்னிடம் இருந்தது.

அக்கா பைலட்கள் அறைக்கு நேரில் போய், தான் செய்தது தப்பு என்று தலையைக் குனிந்து சொன்னார். இனி இந்த வேலை தனக்கு வேண்டாம், கிடங்கிலிருந்து ஒரு குமாஸ்தா வருவார், அவருக்கு எல்லாம் சொல்லியாயிற்று, பழையபடி நடக்கும் என்றார். அவர்கள் அவரை மன்னித்தார்கள். அமீசா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. வெளியே வந்து ஜெட்டியின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பொய் எழுதியபோதுகூட இவ்வளவு அசிங்கமாக இல்லை என்று என்னிடம் சொன்னார்.

ஐந்து வாரம். பதினோரு கப்பல்கள். கிடங்குக் குமாஸ்தா ஒரு தடவைகூட ஸ்டாப்வாட்சை அழுத்தவில்லை. கப்பல் தொடுவதற்கு முன்பே பன்னிரண்டு எழுதிவிடுவார். முதல் கப்பலின்போது அமீசா வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டார்.

"எபோ, விளிம்புல யாரு?"

"கெடங்கு ஆள்தான் கேப்டன்."

"வேற யாரும்?"

"வேற யாருமில்ல."

முப்பது வருஷம் அவரை நம்பிக் கயிறு பிடித்திருக்கிறேன், அவரும் என்னை நம்பித்தான் கப்பலை ஒட்டியிருக்கிறார். அந்த இரண்டு வார்த்தைகளுக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன். சொன்னதற்காக வருத்தப்படவில்லை, வெட்கப்படுகிறேன், அவ்வளவுதான்.

செலோர்ம் கூண்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் முகம் முழுக்கச் சிவப்பு மண்ணாக இருக்கும். பதினேழு என்பார். பத்தொன்பது என்பார். ஒரு பதினான்கு. ஒரு இருபத்திரண்டு. அமீசாவின் செவ்வாய்க்கிழமைக் கப்பல் இருபத்து மூன்று. ரப்பர் ஏன் கிழிந்தது என்று இப்போது புரிகிறது என்றார். சரக்கு விற்றவனை மனதுக்குள் திட்டியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

அறிக்கையில் அவர் இருபத்தைந்து என்ற எண்ணைப் போட்டார். கப்பலின் பெயர் இல்லை, பைலட்டின் பெயர் இல்லை, தேதியும் கிழமையும் வேகமும் மட்டும்தான். பழைய பத்தொன்பது புத்தகங்களை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு மட்டும் அக்கா எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தை இணைத்திருந்தார். அதில், யாரும் என்னைச் சொல்லி எழுதவைக்கவில்லை, நானாகவே எழுதினேன் என்று இருந்தது. எழுதவைத்தவன் அந்தக் கடிதத்தைப் படித்தேன். திருத்தச் சொல்லவில்லை.

அலுவலகம் இருபத்தைந்தை ஒத்துக்கொண்டது. அக்காவை வேலையிலிருந்து நீக்கியது. ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை. ஆனால் எங்கள் துறைமுகத்தில் ஓய்வு பெறுகிறவரை இழுவைப் படகில் ஏற்றி, ஊதல் ஊதி, கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். கூட்டித் துடைக்கிறவருக்குக்கூட அது உண்டு. அக்காவுக்கு இல்லை.

கூண்டு விஷயம் வெளியே வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. கயிறு கட்டும் கூட்டத்தில் என்னைத் தனியே விட்டார்கள்; அதற்கு நான் தகுதியானவன்தான். அக்காவை மீன் சந்தையில் வழிமறித்து அமீசா பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு தடவ உன் கையால மூணு மாசம் வீட்ல உக்காந்தேன், ஆபா. அது நேர நின்னு எழுதினது. இந்தத் தடவ மன்னிப்புக் கேட்டு உள்ள வந்து முதுகுல எழுதிட்ட."

"உங்க பேரு அதுல எங்கயும் இல்ல கேப்டன்."

"செவ்வாக்கெழம இருபத்தி மூணுன்னா பேரு வேற எழுதணுமா?"

மீன்காரிகள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. வாங்கிய மீனை எடுத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

புதிய ஜெட்டி கட்டி முடிய இரண்டரை வருஷம் ஆயிற்று. முதல் கப்பல் வந்த நாள் திருவிழா மாதிரி. பந்தல், பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியம், அக்ராவிலிருந்து பெரிய மனிதர்கள். அழைப்புப் பட்டியலில் ஆபா எசுமானின் பெயர் இல்லை. கப்பலைக் கொண்டுவருவது அமீசா. அவருக்கும் அதுதான் கடைசி வருஷம். நான் மூன்றாவது தூணின் மேல் இன்னொருவனோடு நின்றேன்.

எண்பதாயிரம் டன் பக்கவாட்டில் வரும்போது அது கப்பலாகத் தெரியாது. ஒரு தெருவே எழுந்து வருவது மாதிரி இருக்கும். நூறு மீட்டர் வரை நன்றாகத்தான் வந்தது. பிறகு தென்மேற்கிலிருந்து நீளமான அலைகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதைப் பின்னாலிருந்து தள்ளின. இழுவைப் படகுகள் பின்னுக்கு இழுத்தும் கப்பல் நிற்கவில்லை. கடைசி ஐந்து மீட்டரை நான் வாய்க்குள் எண்ணினேன். இருபத்தொன்றாவது நொடியில் தொட்டது. ஐந்நூறை இருபத்தொன்றால் வகுக்க எனக்குத் தெரியும்.

நான் பயந்தேன். ஓட இடமில்லை. என் ஆள் உயரத்துக்குப் பருத்த ரப்பர் பாதிக்கும் மேல் உள்ளே போயிற்று. காலடியில் தூண் நடுங்கியது, எங்கோ இரும்பு முனகியது. இன்னும் எவ்வளவு உள்ளே போகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது நின்றது. ரப்பர் மெதுவாக மூச்சை விட்டு, கப்பலைத் திரும்பத் தள்ளிக் கொடுத்தது. பக்கத்தில் நின்றவன் கயிற்றை வாங்க மறந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எட்டுப் பேரும் இருந்தோம்.

பந்தலில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அமீசா இறங்கி வந்ததும் கழுத்தில் மாலை போல ஒரு பட்டுத் துணியைப் போட்டார்கள். கிடங்குக் குமாஸ்தாதான் இப்போது நிரந்தரம். அவர் புத்தகத்தை நீட்ட, அமீசா கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் நான் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தூண் நடுங்கியதையும் ரப்பர் பாதிக்கு மேல் உள்ளே போனதையும் சொன்னேன். எத்தனை நொடி என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். அவர் உதட்டைச் சுழித்தார். பழைய கணக்குப்படி கட்டியிருந்தால் நான் இப்போது இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன், அக்கா, என்று சொல்ல நினைத்துத்தான் போனேன். அதற்குப் பதிலாக நானும் கடலை உரித்தேன்.

அப்போதுதான் அமீசா வந்தார். இன்னும் வெள்ளை உடுப்பில்தான் இருந்தார்; பட்டுத் துணியை மட்டும் எங்கோ கழற்றியிருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பைலட்கள் இப்போது கையிலேயே ஒரு சின்னத் திரை வைத்திருக்கிறார்கள். வேகத்தை அது காட்டிவிடும்.

"இருபத்தி நாலு, ஆபா" என்றார்.

அக்கா கடலை உரிப்பதை நிறுத்தினார். "புத்தகத்துல?"

"பன்னெண்டு."

அக்கா கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. ஊர் ஒதுக்கியபோது இல்லை, வேலை போனபோது இல்லை, சந்தையில் இல்லை. மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க கேப்டன்? நான் இப்ப எந்தப் புத்தகத்துல எழுதறது?"

அமீசா வாசலைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவர் அக்காவிடம் பேசாமல் என் பக்கம் திரும்பினார்.

"எபோ, அந்தப் புத்தகம் இருக்குற ஆபீஸு எத்தன மணி வரைக்கும்?"

"அஞ்சு வரைக்கும் தெறந்திருக்கும் கேப்டன்" என்றேன். அப்போது மணி நாலரை. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கமாக நடந்தார்.